சாமி துரையும் வெள்ளி டீபாட்டும்



பெரிய மனிதர் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். காமராசர், விசுவேசுவரய்யா, அப்துல் கலாம் ஆகியோரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இயந்திரவியல் படித்துவிட்டு, பதினான்கு வருஷமாக ஆலைகளில் உலர்த்தும் இயந்திரங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவன். அதனால் என் தொழிலுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிற ஒருவரை எடுத்துக்கொண்டேன். அவர் பெயர் ஜேம்ஸ் டெய்லர். இலங்கையில் தேயிலையை ஒரு தொழிலாக நிலைநிறுத்தியவர். 1892-ல் காலமானவர். தேரடி வீதியில் நின்றுகொண்டு நாம் குடிக்கிற டீயில் அவர் கதையும் கொஞ்சம் கலந்திருக்கிறது. அதைவிட முக்கியமாக, நம்ம பக்கத்து ஜனங்களின் கதையும் கலந்திருக்கிறது. இந்த இரண்டையும் ஒரு வெள்ளிப் பாத்திரத்தை முன்னால் வைத்துக்கொண்டு சொன்னால் சுலபமாகப் புரியும்.

பேர் வெட்டிய பாத்திரம்

நம் வீட்டுக் கல்யாணத்துக்கு எவர்சில்வர் குடமோ அண்டாவோ வாங்கினால், கடைக்காரர் அந்தச் சின்ன மெஷினைக் கையில் எடுத்து, கிர்ரென்ற சத்தத்தோடு பேர் வெட்டித் தருவார். கோயிலுக்குப் போனாலும் அப்படித்தான். மணி, குத்துவிளக்கு, பெஞ்சு, ட்யூப் லைட் எல்லாவற்றிலும் உபயம் இன்னார் என்று இருக்கும். சில ட்யூப் லைட்டில் எழுத்து போக மிச்சம் இருக்கிற இடத்தில்தான் வெளிச்சமே வரும்!

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? கொடுத்தவர் பேர் இருக்கும். வாங்கிக்கொண்டவர் பேர் இருக்கும். செய்தவர் பேர் மட்டும் பெரும்பாலும் இருக்காது. கார்த்திகை தீபத் திருவிழாவில் ஐந்தாம் நாள் இரவு, பெரிய வெள்ளி ரிஷபத்தில் அண்ணாமலையார் மாட வீதியில் வருகிறார். அந்தத் திமிலின் வளைவிலும் கழுத்து மணியிலும் தகட்டைத் தட்டித் தட்டி உட்கார வைத்த ஆசாரி யாராக இருக்கும் என்று கூட்டத்தில் யாரும் யோசிப்பதில்லை. எனக்கும் பொறியியல் படித்த பிறகுதான் அந்த யோசனையே வந்தது.

இங்கிலாந்தில் இந்த விஷயத்தில் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். வெள்ளிப் பாத்திரம் செய்தால் அதைச் சோதனைச் சாலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆயிரத்துக்கு 925 பங்கு சுத்த வெள்ளி இருந்தால்தான் சிங்க முத்திரை விழும். அதன் பக்கத்தில் எந்த ஊரில் சோதித்தது என்பதற்கு ஒரு முத்திரை, எந்த வருஷம் என்பதற்கு ஓர் எழுத்து, எந்தப் பட்டறை என்பதற்கு இரண்டு எழுத்து. எல்லாம் பாத்திரத்தின் அடியில் கடுகளவில் இருக்கும்.

அந்த நாட்டில் டீ குடிப்பது அந்தஸ்தாக இருந்த காலத்தில், டீபாட், அதாவது மூக்கு வைத்த கெண்டி, வெள்ளியில் செய்வது வழக்கமாயிற்று. 1784-ல் தேயிலை மீதான வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்தார்கள். அதற்குப் பிறகு நடுத்தரக் குடும்பங்களும் டீபாட் வாங்க ஆரம்பித்தன. அந்தச் சமயத்தில் லண்டனில் பேர்போன பட்டறைகளில் ஒன்று ஹெஸ்டர் பேட்மன் என்ற விதவைப் பெண்மணியுடையது. கணவர் இறந்த பிறகு, 1761-ல் எச்.பி. என்ற முத்திரையைப் பதிவு செய்து பட்டறையை நடத்தியவர். எழுதப் படிக்கப் பள்ளிக்கூடம் போகாதவர். இன்று அந்த இரண்டு எழுத்து அடியில் இருந்தால் பழம்பொருள் சேகரிப்பவர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள்.

எஞ்சினியர் கண்ணுக்கு டீபாட்டில் இன்னொன்றும் தெரியும். உலோகங்களிலேயே வெப்பத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளிதான். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் கைப்பிடியைத் தொட முடியாது. அதனால் கைப்பிடியை மரத்தில் செய்தார்கள். வெள்ளியிலேயே செய்தால், நடுவில் இரண்டு தந்தத் துண்டுகளை வைத்து வெப்பத்தைத் தடுத்தார்கள். நாம் வெப்பப் பரிமாற்றம் பாடத்தில் பக்கம் பக்கமாகப் படித்ததை அவர்கள் விரல் சுட்டுத் தெரிந்துகொண்டார்கள்!

ஆக, வெள்ளி டீபாட்டில் இரண்டு பேர் இருக்கும். அடியில் செய்தவரின் எழுத்து. யாருக்காவது மரியாதையாகக் கொடுத்ததாக இருந்தால், வயிற்றுப் பக்கத்தில் அவர் பேர். அப்படி ஒரு வெள்ளி டீ செட்டைப் பெற்றவர்தான் நம் கதாநாயகர்.

பதினாறு வயதுப் பையன்

ஜேம்ஸ் டெய்லர் 1835 மார்ச் 29 அன்று ஸ்காட்லாந்தில் ஆக்கன்பிளே என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் பிறந்தார். அப்பா வண்டிச் சக்கரம் செய்கிற தச்சர். ஆறு பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டார். அப்பா மறுமணம் செய்துகொண்டார். வீட்டில் சந்தோஷம் குறைவு. பதினான்கு வயதில் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்திலேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் உதவி வாத்தியாராக இருந்தார்.

அம்மா வழியில் சொந்தக்காரர் ஒருவர் இலங்கையில் காப்பித் தோட்டத்தில் வேலையில் இருந்தார். நம்ம ஊரில் துபாய்க்கு ஆள் போவதைப்போல, அந்த ஊர்ப் பையன்களுக்கு அன்று இலங்கை. டெய்லர் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். சம்பளம் வருஷத்துக்கு நூறு பவுன். 1851 அக்டோபரில் லண்டனில் கப்பல் ஏறினார். சூயஸ் கால்வாய் திறந்தது 1869-ல்தான். அதனால் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, 1852 பிப்ரவரி 20 அன்று கொழும்பில் இறங்கினார். பதினேழு வயது நிரம்ப இன்னும் ஒரு மாசம் பாக்கி. நம்மில் பலர் பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வயது!

கொஞ்ச நாளில் கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்ட பகுதியில் உள்ள லூல்கந்துர தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார். பிறகு அந்தத் தோட்டத்தை விட்டு அவர் போகவே இல்லை. நாற்பது வருஷம். சொந்த ஊருக்கு ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அப்பாவுக்கு நீளம் நீளமாகக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்கள் இன்று எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. டெய்லர் விடுமுறை என்று எடுத்துக்கொண்டது 1874-ல் ஒரு தடவைதான். அப்போதும் போன இடம் டார்ஜிலிங். எதற்கு? அங்கே தேயிலை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பதற்கு!

நடந்து வந்தவர்கள்

இனிமேல் வருகிற பகுதியைத் தம்பி தங்கைகள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

டெய்லர் கப்பலில் வந்தார். அவருடைய தோட்டத்தில் வேலை செய்தவர்கள் நடந்து வந்தார்கள். திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம், ஆற்காடு மாவட்டங்கள் என்று தமிழ்நாட்டின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணி என்பவர் ஆள் திரட்டுவார். கடற்கரை வரை நடை. தோணியில் மன்னார். அங்கிருந்து காட்டு வழியாக, மாத்தளை மலையடிவாரம் வரை நூறு மைலுக்கும் மேலே மறுபடியும் நடை. குடிக்கத் தண்ணீர் இருக்காது. காலரா வரும். வழியிலேயே விழுந்தவர்கள் கணக்கில் அடங்காது. காப்பிப் பழம் பறிக்கிற பருவம் முடிந்ததும் பலர் அதே வழியில் திரும்பி நடப்பார்கள்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் தாக்கியது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். பஞ்சத்தில் பிழைக்க வழியில்லாமல் மேலும் பல்லாயிரம் பேர் இலங்கை மலைக்குப் போனார்கள். பயணச் செலவு, அரிசி, கம்பளி எல்லாம் அவர்கள் பேரில் கடனாக எழுதப்படும். வேலைக்குச் சேரும்போதே கடனாளி. குடியிருக்க லயம் என்கிற வரிசை வீடு. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கு. அந்தக் கண்டிப்பும் கடுமையும் லூல்கந்துரவிலும் இருந்தன. டெய்லரும் அந்தக் காலத்துத் துரைதான். அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரை முழுசாகாது.

பத்தொன்பது ஏக்கர்

1860-களில் இலங்கை மலை முழுக்கக் காப்பி. வேறு பயிர் எதற்கு என்று எல்லாரும் இருந்தபோது, டெய்லர் சிங்கோனா மரம் வளர்த்துப் பார்த்தார். மலேரியாவுக்கான கொயினா எடுக்கிற பட்டை அது. பேராதனைத் தாவரவியல் தோட்டத்திலிருந்து தேயிலை விதை வாங்கித் தோட்டப் பாதை ஓரத்தில் நட்டுப் பார்த்தார். அவருக்கு முன்பே சிலர் இலங்கையில் தேயிலையைப் பரீட்சை செய்ததுண்டு. ஆனால் தொழிலாக அது நிற்கவில்லை. 1867-ல் டெய்லர் லூல்கந்துரவில் ஏழாம் நம்பர் மலையில் பத்தொன்பது ஏக்கர் காட்டைத் திருத்தி, அசாம் வகைத் தேயிலையை நட்டார். இலங்கைத் தேயிலையின் பிறந்த வருஷமாக அதைத்தான் சொல்கிறார்கள். 2017-ல் 150-ஆம் ஆண்டும் கொண்டாடினார்கள்.

பத்தொன்பது ஏக்கர் என்பது பெரிய விஷயமா என்று கேட்கலாம். நம் கல்லூரியில் லேபில் ஒரு மாடல் செய்வதற்கும், அதையே தினமும் ஓடுகிற பிளான்ட் ஆக்குவதற்கும் எவ்வளவு தூரம் என்று வேலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். செடி வளர்ப்பது பாதி வேலை. கொழுந்து கிள்ளிய அன்றே அதைத் தேயிலையாக்க ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் தழை.

வராந்தாவில் ஒரு ஃபேக்டரி

டெய்லருடைய முதல் ஃபேக்டரி அவர் பங்களா வராந்தா! கொழுந்தை வாட்ட வேண்டும். பிறகு உருட்ட வேண்டும். உருட்டும்போது இலையின் செல்கள் உடைந்து சாறு வெளியே வந்து காற்றோடு சேரும். அப்போதுதான் நிறமும் மணமும் வரும். பிறகு சரியான நேரத்தில் சூடு காட்டி உலர்த்தி நிறுத்த வேண்டும். ஐந்து நிமிஷம் முன்னால் போனாலும் ருசி வராது, பின்னால் போனாலும் கெட்டுவிடும். உலர்த்தும் இயந்திரத்தோடு பழகியவன் என்பதால் சொல்கிறேன், இன்றைக்கு வெப்பமானி, டைமர், சென்சார் எல்லாம் வைத்துக்கொண்டே நாங்கள் திணறுகிற இடம் இது.

அசாம், கச்சார் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களைத் தெரிந்தவர்கள் யாராவது இலங்கைக்கு வந்தால், டெய்லர் அவர்களைப் பிடித்துவைத்துக் கேட்டுத் தெரிந்துகொள்வார். மேஜைமேல் கொழுந்தைக் குவித்து, தொழிலாளர்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கையை வைத்து அழுத்தி உருட்டினார்கள். களிமண் அடுப்பில் கரித்தணல் போட்டு, மேலே கம்பி வலைத் தட்டில் பரப்பி உலர்த்தினார்கள். அந்தத் தூளைக் கண்டிக் கடைகளில் ராத்தல் ஒன்றரை ரூபாய்க்கு விற்றார்.

கையால் உருட்டி எத்தனை காலம் ஓட்டுவது? 1872-க்குள் தனியாக ஒரு தேயிலைக் கட்டடம் தயார். உருட்டுவதற்கு டெய்லரே ஓர் இயந்திரம் வடிவமைத்தார். மலையில் தண்ணீருக்குக் குறைவில்லை. ஒரு பெரிய நீர்ச்சக்கரத்தை வைத்து அந்த இயந்திரத்தை ஓட்டினார். எந்தக் கல்லூரியிலும் பொறியியல் படித்தவர் இல்லை. சக்கரத் தச்சரின் மகன். சின்ன வயதில் அப்பாவின் பட்டறையில் பார்த்த சக்கரம் இங்கே கை கொடுத்திருக்கும் என்பது என் ஊகம். 1873-ல் லண்டனுக்கு முதல் தவணையாக 23 ராத்தல் தேயிலை போயிற்று. இன்றைய கணக்கில் பத்தரைக் கிலோகூட இல்லை. ஒரு ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு போகிற மூட்டை!

காப்பி செத்தது, தேயிலை பிழைத்தது

1869-ல் இலங்கைக் காப்பி இலையில் ஆரஞ்சு நிறத்தில் புள்ளி தெரிந்தது. ஒரு வகைப் பூஞ்சணம். முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விலை நன்றாக இருந்ததால் மேலும் மேலும் காப்பியே நட்டார்கள். 1870-களின் இறுதியில் சுமார் 2,75,000 ஏக்கர் வரை போன காப்பி, அடுத்த பத்து வருஷத்தில் சரிந்துபோனது. தோட்டக்காரர்கள் திவாலானார்கள். வங்கி முறிந்தது. கூலி பாக்கியோடு தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். துரைமார்கள் சிங்கோனா பக்கம் தாவினார்கள். ஜாவாவிலிருந்து பட்டை வந்து குவிந்ததில் அதன் விலையும் விழுந்தது.

அப்போதுதான் எல்லார் கண்ணும் லூல்கந்துரவின் பக்கம் திரும்பியது. அங்கே ஒரு மனுஷன் பத்துப் பன்னிரண்டு வருஷமாகச் செய்து பார்த்து, தவறுகளைத் திருத்தி, ஒரு முறையைத் தயாராக வைத்திருந்தார். 1875-ல் இலங்கை முழுவதும் தேயிலை ஆயிரம் ஏக்கர் சொச்சம். 1895-ல் மூன்று லட்சம் ஏக்கர். இருபதே வருஷம்! 1890-ல் தாமஸ் லிப்டன் வந்து இறங்கி, தோட்டங்களை விலைக்கு வாங்கினார். பாக்கெட்டில் அவர் பேரைப் போட்டு உலகமெல்லாம் விற்றார். பெரும் செல்வரானார். சர் பட்டமும் பெற்றார். டெய்லர் அதே தோட்டத்தில், அதே மேனேஜராகவே இருந்தார்.

செட் வந்தது, கடிதமும் வந்தது

டெய்லரின் உழைப்பைத் தோட்டத் துரைமார் சங்கம் மறந்துவிடவில்லை. 1891-ல் அவருக்கு ஒரு வெள்ளி டீ செட் பரிசாகக் கொடுத்தார்கள். இலங்கையில் தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் அஸ்திவாரம் போட்டவர் என்று நன்றியோடு சொல்லும் வாசகத்தை, அவர் பேரோடு சேர்த்து அதில் வெட்டியிருந்தார்கள். யோசித்துப் பாருங்கள், ஒருவர் தன் வாழ்நாள் முழுக்கத் தேயிலை செய்கிறார். அந்தத் தேயிலையை ஊற்றிக் குடிக்கிற வெள்ளி டீபாட்டில் அவர் பேரே இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான மரியாதை என்ன இருக்க முடியும்?

ஆனால் அதற்குள் காலம் மாறியிருந்தது. காப்பி வீழ்ச்சியில் பல தோட்டங்கள் கடன் கொடுத்த கம்பெனிகளின் கைக்குப் போயிருந்தன. லூல்கந்துரவும் ஒரு கம்பெனியின் கையில். ஒரே தோட்டத்தைத் தன் விருப்பப்படி நடத்திப் பழகிய பழைய ஆள் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. வெள்ளி செட் கொடுத்த அடுத்த வருஷம், 1892-ல், ஆறு மாசம் சம்பளமில்லா விடுப்பில் போகச் சொன்னார்கள். டெய்லர் மறுத்தார். ராஜினாமா செய்யச் சொன்னார்கள். அதையும் மறுத்தார். நாற்பது வருஷம் இருந்த மலை. போவதற்கு வேறு இடம் ஏது?

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில், இருபத்தைந்து வருஷம் முடித்த ஷிப்ட் சூப்பர்வைசர் ஒருவருக்கு வெள்ளி முலாம் பூசிய கேடயம் கொடுத்து, போட்டோ எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அந்தப் போட்டோ போர்டை விட்டு எடுக்கப்படும் முன்பே அவருக்குக் கடிதம் வந்துவிட்டது. டெய்லரின் கதையைப் படித்தபோது அந்த அண்ணனின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. இதைப் படிக்கிற நண்பர்களில் சிலருக்கும் இப்படி ஒரு முகம் நினைவுக்கு வரக்கூடும்.

பதினெட்டு மைல்

டெய்லர் லூல்கந்துரவை விட்டுப் போகவில்லை. கம்பெனி வெளியேற்றும் முன்பே சீதபேதி அவரைக் கொண்டுபோய்விட்டது. 1892 மே 2 அன்று, ஐம்பத்தேழு வயதில் அந்தத் தோட்டத்திலேயே இறந்துபோனார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். 

உடலைக் கண்டியில் மஹையாவ கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பதினெட்டு மைல் மலைப்பாதை. டெய்லர் ஆஜானுபாகு. எடை நூறு கிலோவுக்கு மேலே. இருபத்திநான்கு தொழிலாளர்கள் முன்வந்தார்கள். பன்னிரண்டு பன்னிரண்டு பேராக இரண்டு அணி. நாலு மைலுக்கு ஒரு தரம் தோள் மாற்றிக்கொண்டு, சவப்பெட்டியைக் கண்டி வரை சுமந்தார்கள். கங்காணிகளும் மற்றத் தொழிலாளர்களும் பின்னால் நடந்தார்கள். அவர்கள் அவருக்கு வைத்திருந்த பேர் சாமி துரை.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கணக்கு சொன்னால் புரியும். நம்ம கிரிவலப் பாதை பதினாலு கிலோமீட்டர். அதைப்போல இரண்டு சுற்றுக்கும் மேலே, தோளில் பாரத்தோடு, மலையில் இறங்கி ஏறி நடந்திருக்கிறார்கள். அவரைத் தூக்கும்படி யாரும் சட்டம் போட்டிருக்க முடியாது. கூலிக்காக மட்டும் என்று தள்ளிவிடவும் எனக்கு மனசு வரவில்லை. அதே சமயம், அந்த ஒரு நாள் நடையை வைத்துத் தோட்டத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. நாற்பது வருஷம் ஒரே மலையில், ஒரே மழையில் சேர்ந்து நனைந்தவர்களுக்குள் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. கம்பெனிக் கணக்குப் புத்தகத்தில் அதற்குப் பத்தி கிடையாது.

டெய்லர் பேர் கல்லறையில் இருக்கிறது, புத்தகங்களில் இருக்கிறது. அந்த இருபத்திநான்கு பேரில் ஒருவர் பேரையும் நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு

அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே மலையில் கொழுந்து கிள்ளினார்கள். 1948-ல் இலங்கைச் சுதந்திரத்தோடு வந்த குடியுரிமைச் சட்டம், அந்த மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று ஆட்களைப் பங்கு போட்டார்கள். அப்படித் திரும்பியவர்களுக்காகத்தான் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன. பிற்காலத்தில் போரினால் வந்தவர்களின் முகாம்கள் நம் திருவண்ணாமலை மாவட்டத்திலும் உண்டு. இலங்கையில் மீதமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை முழுசாகக் கிடைக்க வழிசெய்த சட்டம் வந்தது 2003-ல். முதல் தேயிலைச் செடி நட்டு 136 வருஷம் ஆகியிருந்தது!

சில வருஷங்களுக்கு முன் வேலை விஷயமாக இலங்கை போனபோது, கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் இருக்கிற தேயிலை அருங்காட்சியகத்தைப் பார்த்தேன். பழைய டீ ஃபேக்டரி ஒன்றையே அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். பழைய உருட்டு இயந்திரங்கள், உலர்த்திகள், நீராவி எஞ்சின்கள். மெக்கானிக்கல் படிக்கிற தம்பி தங்கைகள் வாய்ப்புக் கிடைத்தால் அவசியம் பார்க்க வேண்டிய இடம். ஒவ்வோர் இயந்திரத்திலும் தயாரித்த கம்பெனியின் பேர் வார்ப்பிரும்பில் எழுந்து நிற்கிறது. கைப்பிடிகள் மட்டும் தேய்ந்து வழுவழுவென்று இருக்கின்றன. அந்தத் தேய்மானத்தை நான் கொஞ்ச நேரம் தொட்டுப் பார்த்தேன்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

டெய்லரை நான் மதிக்கிறேன். பொறுமையும், கேட்டுத் தெரிந்துகொள்ளும் குணமும், கையில் இருப்பதைக்கொண்டு இயந்திரம் செய்கிற துணிச்சலும் ஓர் எஞ்சினியருக்கு வேறெங்கே கற்றுக்கொள்ளக் கிடைக்கும்? தம்பி தங்கைகள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. வெள்ளி டீபாட்டில் பேர் வந்ததும் நியாயம்தான்.

ஆனால் மரியாதை அங்கேயே நின்றுவிடக் கூடாது. நம் சங்க விழாவிலும் ஒவ்வொரு தடவையும் மேடையில் மெமெண்டோ கொடுக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். பெரும்பாலும் பதவியில் இருப்பவர்களுக்குத்தான். லேத் ஓட்டுவதற்கு நமக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த வொர்க்ஷாப் அண்ணன், ராத்திரி பரீட்சைக்குப் படிக்கும்போது டீ போட்டுக் கொடுத்த கேண்டீன் மாமா, ஹாஸ்டல் மெஸ்ஸில் முந்நூறு பேருக்குச் சோறு வடித்த அக்காமார்கள். இவர்கள் பேரெல்லாம் நம் மலரில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். சிலர் காலமாகிவிட்டார்கள். இன்னும் பத்து வருஷம் போனால் பேர் சொல்லவே ஆள் இருக்காது.

அடுத்த மலரில் இவர்களுக்கென்று நாலு பக்கம் ஒதுக்க வேண்டும் என்று மலர்க் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு பேட்ச் நண்பர்களும் தங்களுக்குத் தெரிந்த பேர்களை, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை, என்ன வேலை என்ற விவரத்தோடு எழுதி அனுப்புங்கள். இனிஷியல் தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். வெள்ளியும் வேண்டாம், கேடயமும் வேண்டாம், பேர் சரியாக இருந்தால் போதும். அச்சுக்கு ஆகிற செலவில் என் பங்கைத் தர நான் தயார்.

அனைவருக்கும் சந்திப்பு விழா நல்வாழ்த்துகள். விழாவன்று கேண்டீன் பக்கம் வாருங்கள், ஒரு டீ குடித்துக்கொண்டே பேசலாம்.